"வாட்செட்": ஒத்தியா, நிபந்தனைக் கிரயமா? (பழைய ஸ்காட்லாந்துப் பத்திரத்தில் வந்த ஒரு சொல்)

பென்சில்முனை

அனைவருக்கும் வணக்கம். அபர்டீனில் படித்துக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமைகளில் ஒரு குடும்பத்தின் பழைய பத்திரக் கட்டை வாசித்துத் தட்டச்சு செய்து கொடுக்கிறேன். கூலி என்று பார்த்தால் டீயும் ஸ்கோனும்தான்.

போன வாரம் 1690களில் எழுதிய ஒரு பத்திரம் கைக்கு வந்தது. கோழி கிளறியது போன்ற கையெழுத்து. நிலக்காரர் ஒருவர் 3,000 மெர்க் (பழைய ஸ்காட்லாந்துப் பணம்) வாங்கிக்கொண்டு ஒரு பண்ணையை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கிறார். அதை 'வாட்செட்' என்று சொல்லியிருக்கிறது. உள்ளே 'வாட்செட்டர்', 'ரிவர்சர்' என்று இரண்டு பேர் மாறி மாறி வருகிறார்கள். முதல் பாதியைப் படித்தால் அக்மார்க் விற்பனை. வாரிசுகள் வரைக்கும் போகிறது. பின்பாதி முழுக்கப் பணத்தைத் திருப்பித் தருவது பற்றித்தான்.

அப்பாவிடம் போனில் சொன்னேன். "கிரயமா, அடமானமா? அதை முதல்ல சொல்லு" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இதற்குத் தமிழில் என்ன சொல் போடலாம்? கடன் வாங்கியவர் யார், வாட்செட்டரா ரிவர்சரா?

புளியங்கொம்பு

தலைப்பைப் பார்த்து ஏதோ வாட் வரி சமாச்சாரம் என்று உள்ளே வந்துவிட்டேன். சரி, வந்ததுக்கு உட்கார்ந்து கேட்கிறேன்.

முத்திரைத்தாள்

தம்பி, நாற்பது வருடம் பத்திரம் எழுதியவன் சொல்கிறேன். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது ஒத்தி. பணம் கொடுத்தவன் நிலத்தைச் சுவாதீனத்தில் எடுத்துக்கொள்கிறான். விளைச்சலையோ குத்தகைப் பணத்தையோ அவனே அனுபவிக்கிறான். வட்டி தனியாகக் கிடையாது. அசலைக் கொண்டுவந்து வைத்தால் நிலத்தைத் திருப்பித் தர வேண்டும். இதைச் சில ஊரில் போக்கியம் என்பார்கள். சென்னையில் வீட்டை 'லீஸுக்கு விடுகிறேன்' என்று மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு வாடகை இல்லாமல் விடுகிறார்களே, அதுவும் இந்த வகையறாதான்.

அந்தப் பத்திரத்தில் வட்டி என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் யோசிக்கவே வேண்டாம், ஒத்தி.

செம்மண்

முத்திரைத்தாள் ஐயா சொன்னது பெரும்பாலும் சரி. ஆனால் 'யோசிக்கவே வேண்டாம்' என்பதில்தான் எனக்குச் சங்கடம்.

முதலில் ஆள் யார் என்பதைத் தீர்த்துவிடுவோம். வாட்செட்டர் என்றால் அடகு வைத்தவர் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது தப்பு. வாட்செட்டர் பணம் கொடுத்தவர். ரிவர்சர் பணம் வாங்கியவர், அதாவது நிலத்துக்கு உரியவர். 'ரிவர்ஷன்' என்பது நிலத்தை மீட்கும் உரிமை. அந்த உரிமை கையில் இருப்பதால் அவர் ரிவர்சர். இதை மாற்றிப் புரிந்துகொண்டால் பத்திரம் முழுக்கத் தலைகீழாகிவிடும்.

அடுத்து, ஸ்காட்லாந்தில் இதை எழுதிய விதம். பழைய வாட்செட்டில் நிலத்தைக் கிட்டத்தட்ட விற்றே விடுவார்கள். கிரயம் போலப் பத்திரம் எழுதி, 'சசின்' என்ற சடங்கும் நடக்கும். நோட்டரி, சாட்சிகள் எல்லாரும் நிலத்துக்கே போய், ஒரு பிடி மண்ணும் ஒரு கல்லும் எடுத்துக் கையில் கொடுக்க வேண்டும். மில் என்றால் தானியம் கொட்டும் தொட்டியும் தட்டுக்கட்டையும், மீன்பிடி உரிமை என்றால் வலையும் படகும். 1845 வரைக்கும் நிலத்தில் போய் நின்றுதான் இதைச் செய்தார்கள். அப்படி மண் கை மாறிவிட்டால் ஏட்டில் உரிமையாளர் வாட்செட்டர்தான்.

அப்படியானால் கடன் வாங்கியவரிடம் என்னதான் மிச்சம்? ஒரு கடிதம். "இந்தத் தொகையை, இந்த இடத்தில், இந்த நாளில் வைத்தால் நிலத்தைத் திருப்பித் தருகிறேன்" என்று வாட்செட்டர் எழுதிக் கொடுத்த ரிவர்ஷன். இதை நம்மூர் ஒத்தி என்பதா, மீட்டுக்கொள்ளும் ஷரத்தோடு எழுதிய நிபந்தனைக் கிரயம் என்பதா? நான் இரண்டாவது பக்கம்.

முத்திரைத்தாள்

நியாயமான கேள்வி. நிபந்தனைக் கிரயத்தில் கெடு தாண்டினால் நிலம் போயே போச்சு என்றுதான் எழுதுவார்கள். அங்கே எப்படி? கெடு உண்டா?

இன்னொன்று. வாங்கியவன் அந்த நிலத்தை மூன்றாவது ஆளுக்கு விற்றுவிட்டால்? கடிதம் எழுதிக் கொடுத்தவன் இவன், நிலம் இருப்பது அவனிடம். ஏமாந்தவன் கோர்ட் வாசலில் நிற்பான். எத்தனை பார்த்திருக்கிறேன்.

செம்மண்

நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்வியை ஸ்காட்லாந்துப் பாராளுமன்றமே கேட்டிருக்கிறது ஐயா. அதற்காக 1469இல் ஒரு சட்டம் போட்டார்கள். வாட்செட்டர் நிலத்தை யாருக்கு விற்றாலும் ரிவர்ஷன் அந்தப் புது ஆளையும் கட்டும் என்று. அதற்கு முன்னால் அது வெறும் வாக்குறுதி. அதற்குப் பின்னால் நிலத்தோடு ஒட்டிக்கொண்ட உரிமை.

அப்புறம் வேறு தலைவலி வந்தது. நிலத்தை வாங்குகிறவருக்கு, எவரோ ஒருவர் பெட்டியில் பழைய ரிவர்ஷன் கடிதம் கிடக்கிறது என்று எப்படித் தெரியும்? நம்மூரில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோம். அங்கே 1617இல் பதிவேடு வந்தது. இன்றைக்கு அதை 'சசின் பதிவேடு' என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சட்டத்தின் தலைப்பிலேயே சசினோடு ரிவர்ஷனும் உண்டு. அதாவது உலகத்தின் பழைய நிலப் பதிவேடுகளில் ஒன்று உருவானதற்கு இந்த மீட்பு உரிமைகளும் ஒரு காரணம்.

கெடுவைப் பொறுத்தவரை, பொதுவாக நாள் குறிப்பது மீட்கத்தான், இழக்க இல்லை. விட்சண்டே, மார்ட்டின்மஸ் என்று அங்கே இரண்டு தவணை நாட்கள் உண்டு. அப்போது மே 15, நவம்பர் 11. இந்த வருடம் விட்டால் அடுத்த வருடம். இதனால்தான் நம்மூர்க் கெடு வைத்த கிரயத்தோடு அது முழுசாகப் பொருந்தவில்லை என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன்.

வேர்க்கிழங்கு

சட்டச் சண்டை நடக்கட்டும். சொல் எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லவில்லையே.

'வாட்' என்பது ஸ்காட்ஸ் மொழியில் ஈடு, பிணை. பழைய ஆங்கிலத்தில் இது 'வெட்'. இன்றைய ஆங்கிலத்தின் 'வெட்டிங்' இதே வேர்தான். கல்யாணம் என்பது முதலில் பிணை கொடுத்து உறுதி செய்வது. ஜெர்மனில் 'வெட்டெ' என்றால் பந்தயம். பணத்தைப் பிணையாகக் கீழே வைத்துவிட்டுப் பேசுவதுதானே பந்தயம்! இதே சொல் ஃபிராங்குகள் வழியாகப் பிரெஞ்சுக்குப் போனபோது முன்னால் இருந்த 'வ' அங்கே 'க' ஆகி, 'காஜ்' ஆயிற்று. அது திரும்ப ஆங்கிலத்துக்கு வந்து 'மார்ட்கேஜ்' என்பதன் பின்பாதியில் உட்கார்ந்திருக்கிறது. ஆக வாட்செட்டின் 'வாட்'டும் மார்ட்கேஜின் 'கேஜ்'ஜும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒன்று ஊரிலேயே இருந்தது, ஒன்று பாரிஸ் போய் வந்தது.

'செட்' என்பது வைத்தல். அப்படியானால் வாட்+செட் = அடகு+வை. வரிசைகூட மாறவில்லை. இதற்கு மேல் என்ன மொழிபெயர்ப்பு வேண்டும்?

செம்மண்

அக்கா, ஒரு சின்ன இடறல். ஸ்காட்ஸில் 'செட்' என்றால் நிலத்தைக் குத்தகைக்கு விடுவது என்றும் உண்டு. வாட்செட்டில் அந்தப் பொருள் இருக்கலாமே?

வேர்க்கிழங்கு

அந்தப் பொருள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்தச் சொல்லுக்குப் பின்னால் இருப்பது 'ஈட்டுக்கு வைத்தல்' என்ற பழைய தொடர். நிலத்தை மட்டுமில்லை, கையில் எடுக்கிற பொருளையும் 'வாட்' வைத்திருக்கிறார்கள். கரண்டியை யாரும் குத்தகைக்கு விட மாட்டார்கள்.

பனையோலை

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கட ஊரில் இந்த மூன்றுக்கும் மூன்று சொல் இருக்கிறது. காணியை ஈடு வைத்தால் காணி உங்களிடமே இருக்கும், வட்டி கட்ட வேணும். ஒற்றி வைத்தால் காணி அவரிடம் போகும், வட்டி இல்லை. அறுதியாய் எழுதினால் விற்றது விற்றதுதான். ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் சட்டமாக்கிய தேசவழமையிலேயே ஒற்றிக்கு இடம் இருக்கிறது.

ஆனபடியால் வேர்க்கிழங்கு அக்கா, 'அடகு வை' என்றால் சொல்லுக்குச் சரி, பொருளுக்குக் காணாது. காணி யார் கையில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். நான் 'ஒற்றி' என்றே போடுவேன்.

முத்திரைத்தாள்

யாழ்ப்பாணத்து நண்பர் என் பக்கம்! இரண்டு ஓட்டு.

பென்சில்முனை

எல்லாருக்கும் நன்றி. இன்று மறுபடி போய்ப் பார்த்தேன். முத்திரைத்தாள் ஐயா, வட்டி பற்றி எழுதியிருக்கிறது! அதுதான் குழப்பம். நிலத்தில் இருந்து வருவது வட்டிக்கு மேல் போனால் அந்த மிச்சத்துக்கு வாட்செட்டர் கணக்குச் சொல்ல வேண்டும் என்று படுகிறது. அப்படியானால் ஒத்தி இல்லையா?

செம்மண்

அருமை. அப்படியானால் உங்களிடம் இருப்பது 'இம்ப்ராப்பர் வாட்செட்'. பெயரைப் பார்த்து ஏதோ முறைகேடு என்று நினைக்க வேண்டாம். இரண்டு வகை உண்டு, அவ்வளவுதான்.

உங்கள் 3,000 மெர்க்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு மெர்க் 13 ஷில்லிங் 4 பென்ஸ், ஸ்காட்ஸ் பணத்தில். 3,000 மெர்க் சரியாக 2,000 ஸ்காட்ஸ் பவுண்ட். ஸ்காட்ஸ் பவுண்ட் 12 சேர்ந்தால்தான் 1 ஸ்டெர்லிங் பவுண்ட். ஆக ஸ்டெர்லிங்கில் 166 பவுண்ட் 13 ஷில்லிங் 4 பென்ஸ். அந்தக் காலத்தில் சட்டம் அனுமதித்த வட்டி 6 சதவீதம். வருடத்துக்கு 180 மெர்க்.

பண்ணையில் இருந்து வருடம் 240 மெர்க் வருகிறது என்று வையுங்கள். 'ப்ராப்பர்' வாட்செட் என்றால் 240ம் வாட்செட்டருக்கே. மழை பொய்த்து 100தான் வந்தாலும் அவர் வாயைத் திறக்கக் கூடாது. லாபமும் நஷ்டமும் அவருடையது. 'இம்ப்ராப்பர்' என்றால் 180 அவருக்கு. மேலே வந்த 60 அசலில் கழியும். குறைந்தால் கடன் வாங்கியவர் ஈடுகட்ட வேண்டும். முதலாவது சூதாட்டம், இரண்டாவது கணக்கு.

இந்தச் சூதாட்டத்துக்கும் 1661இல் ஒரு கடிவாளம் போட்டார்கள். கடன் வாங்கியவர் பாதுகாப்புக் கொடுக்க முன்வந்தால், ப்ராப்பர் வாட்செட்டர் ஒன்று நிலத்தை விட வேண்டும், இல்லை மிச்சத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்.

ஏன் வட்டி வாங்காமல் சுற்றி வளைத்தார்கள் என்று யாராவது கேட்பீர்கள். வட்டி பாவம் என்று திருச்சபை சொல்லியிருந்த காலத்தில் பிறந்த வழக்கம் இது. வட்டி வாங்கவில்லை, வாங்கிய நிலத்தின் விளைச்சலைத்தான் சாப்பிடுகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். 1587இல் 10 சதவீதம் வரை வட்டி வாங்கலாம் என்று சட்டமே வந்த பிறகும் பழக்கம் போகவில்லை.

புளியங்கொம்பு

பாவத்தைத் தவிர்க்க நெல்லாக வாங்கிக்கொள்வது. இதைச் சொல்லித்தர ஸ்காட்லாந்து வரைக்கும் போக வேண்டுமா!

கடல்காகம்

நெல் இல்லைங்க, ஓட்ஸ்.

வாட்செட் என்று தேடினால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு பண்ணை இல்லை, இரண்டு தீவுக்கூட்டம். ஆர்க்னியும் ஷெட்லாண்டும் ஸ்காட்லாந்துக்கு வந்ததே இந்த வழியில்தான்.

ஸ்காட்லாந்து அரசர் மூன்றாம் ஜேம்ஸுக்கும் டென்மார்க்-நார்வே அரசர் முதலாம் கிறிஸ்டியனின் மகள் மார்கரெட்டுக்கும் கல்யாணம் பேசினார்கள். 1468 செப்டம்பர் 8 ஒப்பந்தம். சீர்ப்பணம் 60,000 ரைன் ஃப்ளோரின். பெண்ணின் அப்பாவிடம் அவ்வளவு காசு இல்லை. 10,000 ரொக்கமாகத் தருகிறேன், மீதி 50,000க்கு ஆர்க்னியை வைத்துக்கொள் என்றார். அந்தப் பத்தாயிரமும் புரளவில்லை. இரண்டாயிரம்தான் கையில் இருந்தது. விட்டுப்போன 8,000க்கு 1469 மே 28 அன்று ஷெட்லாண்டையும் எழுதிக் கொடுத்தார். ஒரு தீவுக்கூட்டம் 50,000, அடுத்தது 8,000. ஷெட்லாண்ட்காரர்கள் இதை இன்னும் மறக்கவில்லை என்று நினைக்கிறேன்.

மிச்சப் பணம் கடைசி வரை வரவில்லை. 1472இல் ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் இரண்டையும் அரச உடைமையோடு சேர்த்துக்கொண்டது. பிற்பாடு டென்மார்க் அரசர்கள் 'பணத்தை வாங்கிக்கொள், தீவைக் கொடு' என்று பலமுறை கேட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் பேச்சு எங்கேயோ நழுவிவிடும்.

முத்திரைத்தாள்

சீர் பாக்கிக்குத் தீவா! நம்ம வீட்டுக் கல்யாணங்களே தேவலை.

ஒரு சந்தேகம் அம்மா. தீவையே ஒத்தி வைத்தால் அங்கே குடியிருந்தவன் நிலம் என்ன ஆச்சு?

கடல்காகம்

நல்ல கேள்வி ஐயா. அவர்கள் நிலம் போகவில்லை. ஈட்டில் போனது அங்கே அரசருக்கு இருந்த உரிமைகளும் வருமானமும். 'ஸ்காட்' என்ற நிலவரி அதில் ஒன்று. குடியானவர்களிடம் 'ஊடல்' நிலம் இருந்தது. மேலே பிரபு, அதற்கு மேலே அரசர் என்ற படிக்கட்டே இல்லாமல், எழுத்தும் இல்லாமல், பரம்பரையாக முழு உரிமையோடு அனுபவிக்கிற நார்வே முறை. (நம்ம ஊடல் இல்லை!)

செம்மண்

கடல்காகம் கதையில் பலமுறை கேட்டார்களே, மீட்க எத்தனை வருடம் வரை கேட்கலாம் என்பதில் ஒரு சட்ட ரசம் உண்டு. 1617இல் காலாவதிச் சட்டம் ஒன்று வந்தது. 40 வருடம் அனுபவித்தால் உரிமை உறுதி என்பது அதன் சாரம். ஆனால் அதில் வாட்செட்டுக்கு ஒரு விலக்கு. ரிவர்ஷன் அந்தப் பத்திரத்தின் உடலுக்குள்ளேயே எழுதியிருந்தாலோ, பதிவேட்டில் ஏறியிருந்தாலோ, 40 வருடக் கணக்கு அதைத் தொடாது. தனிக் கடிதமாக, பதியாமல் பெட்டிக்குள் கிடந்தால் போச்சு.

பென்சில்முனை, உங்கள் பத்திரத்தில் ரிவர்ஷன் எங்கே இருக்கிறது? உள்ளேயா, தனித் தாளா? எந்த இடத்தில் பணம் வைக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கும். பெரும்பாலும் ஊர்ச் சர்ச். எடின்பரோ என்றால் செயின்ட் ஜைல்ஸ் தேவாலயம். முன்கூட்டியே நோட்டரி வழியாகச் சாட்சி வைத்து அறிவிக்க வேண்டும். வாட்செட்டர் பணத்தை வாங்க மறுத்தாலோ வராமலே இருந்தாலோ, அந்தத் தொகையைப் பொதுவான ஒருவரிடம் கட்டிவிட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம்.

புளியங்கொம்பு

பணம் வந்தால் வாங்க மறுப்பார்களா என்ன?

முத்திரைத்தாள்

மறுப்பான்யா. ஐயாயிரத்துக்கு ஒத்தி பிடித்தவன், நிலம் ஐம்பதாயிரம் பெறும்போது ஐயாயிரத்தை எப்படி வாங்குவான்? வீட்டைப் பூட்டிக்கொண்டு மாமனார் ஊருக்குப் போய்விடுவான்.

செம்மண்

ஸ்காட்லாந்தின் மலைநாடான ஹைலேண்டிலும் இதே ஏற்றம்தான் பிரச்சினை. குலத் தலைவர்களுக்குக் காசு முடை வரும்போது சொந்தக்காரர்களிடம் வாங்கிக்கொண்டு நிலத்தை வாட்செட் எழுதிக் கொடுப்பார்கள். அந்தச் சொந்தக்காரர் அங்கே குட்டிப் பிரபுவாக வாழ்வார், கீழே குத்தகைக்காரர்களை வைத்துக்கொள்வார். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நில வருமானம் ஏறியபோது தலைவர்கள் பழைய தொகையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். தாத்தா கொடுத்த தொகை அப்படியே கைக்கு வரும், நிலம் போய்விடும்.

கடல்காகம்

ஓட்டுக் கதையை விட்டுவிட்டீர்கள்! 1681 சட்டப்படி ப்ராப்பர் வாட்செட்டருக்குக் கவுன்டியில் (நம்மூர் மாவட்டம் போல) பாராளுமன்றத் தேர்தலில் ஓட்டு உண்டு. அங்கே கவுன்டி ஓட்டர்களே விரல் விட்டு எண்ணும் அளவுதான். அதனால் 18ஆம் நூற்றாண்டில் பெரிய நிலக்காரர்கள் நண்பனுக்கும் வக்கீலுக்கும் பெயருக்கு ஒரு வாட்செட் எழுதிக் கொடுத்து ஓட்டுத் தயாரித்தார்கள். நிலத்தை அவர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். 1832 தேர்தல் சீர்திருத்தம் வரை இந்தக் கூத்து.

செம்மண்

சரியான ஞாபகம். வாட்செட்டின் கடைசிக்காலத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். நிலத்தைக் கை மாற்றாமலே கடன் வாங்கும் பத்திர வகைகள் வந்ததும் இது மெல்ல மங்கியது. 1970 சட்டம் நிலத்தின் மேல் கடன் என்றால் ஒரே ஒரு வடிவம்தான் என்று முடித்துவிட்டது.

பென்சில்முனை

சனிக்கிழமை போய் வந்தேன். வரிசையாகச் சொல்கிறேன்.

செம்மண் அண்ணா, ரிவர்ஷன் பத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. தனித் தாள் இல்லை. பணம் வைக்கும் இடம் ஊர்ச் சர்ச், நாள் விட்சண்டே.

தமிழில் 'ஒத்தி' என்றே போட்டுவிட்டேன். வாட்செட்டர் 'ஒத்தி பிடித்தவர்', ரிவர்சர் 'மீட்புரிமைக்காரர்'. இம்ப்ராப்பர் என்பதற்குக் 'கணக்கு ஒத்தி'. இது நானே கட்டிய சொல், பிடிக்காதவர்கள் திட்டலாம். அடிக்குறிப்பில் செம்மண் அண்ணாவின் நிபந்தனைக் கிரயத்துக்கும் இரண்டு வரி கொடுத்திருக்கிறேன்.

அப்பாவிடம் "அடமானம்தான்ப்பா, ஒத்தி" என்றேன். "சரி, மீட்டாங்களா?" என்றார். அதை நான் யோசிக்கவே இல்லை. கட்டை முழுக்கப் பிரித்து அடியில் இருந்து தேடினேன். 1760களில் எழுதிய ஒரு தாள் இருந்தது. ஒத்தி பிடித்தவரின் பேரன் பணத்தைப் பெற்றுக்கொண்டு நிலத்தை விட்டுக்கொடுக்கிறார். தொகை ஸ்டெர்லிங்கில் எழுதியிருக்கிறது: 166 பவுண்ட் 13 ஷில்லிங் 4 பென்ஸ்.

முத்திரைத்தாள்

அதே 3,000 மெர்க்! எழுபது வருஷம் கழித்து! ஒரு காசு கூடவில்லை, ஒரு காசு கழியவுமில்லை. அப்படியானால் வட்டிக்கு மேலே வந்த மிச்சம் எங்கே போச்சு தம்பி? கணக்கு ஒத்தி என்றீர்களே, கணக்குத் தாள் இருக்கிறதா பாருங்கள்.

பென்சில்முனை

அப்பாவும் இதையேதான் கேட்டார் ஐயா, வார்த்தை மாறாமல். இன்னும் இரண்டு கட்டு பிரிக்காமல் கிடக்கிறது. அடுத்த சனிக்கிழமை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.